மயிரிழை ஆழத்தில் கந்தகம்

கப்பலின் தொட்டியிலிருந்து எடுத்த எரிஎண்ணெயில் கந்தகம் 0.53 சதவீதம் என்று அறிக்கை வந்தால் கப்பல் தன் வழியே போகலாம். 0.54 என்று வந்தால் அபராதம், வழக்கு, நிரப்பிய எண்ணெயைத் திரும்ப இறைத்து வெளியேற்றும் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சட்டம் சொல்லும் வரம்போ 0.50. அந்த 0.50க்கும் 0.53க்கும் நடுவில் கிடக்கும் குறுகிய இடத்தில்தான் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிங்கப்பூரில், கப்பல் எண்ணெயைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில், எக்ஸ்-கதிர் ஒளிர்தல் கருவியின் முன்னால். எக்ஸ்.ஆர்.எஃப். என்று சொன்னால்தான் அங்கே எவருக்கும் புரியும். கருவி காட்டும் எண்ணை நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கந்தகத்தை அளக்க நான் முதலில் கற்றது வேறு வழியில். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்த காலம். சல்பேட் கரைசலை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, பேரியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெள்ளை வீழ்படிவு இறங்கும். அவசரப்பட்டுச் சட்டென்று ஊற்றினால் துகள்கள் பொடியாகி வடிதாளைத் தாண்டி ஓடிவிடும். அதனால் சூட்டிலேயே வைத்துத் துகள்களைப் பருக்கவிட்டு, 42ஆம் எண் வாட்மன் தாளில் வடிகட்டி, குளோரைடு முழுக்கப் போகும்வரை வெந்நீரால் கழுவி, சிலிக்கா குருசிபிளில் தாளோடு சேர்த்து எரித்து, டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுப்போம். மறுபடி சூடாக்கு, ஆறவை, நிறு. எடை மாறாமல் நிற்கும்வரை இதுதான். கிடைத்த பேரியம் சல்பேட்டின் எடையை 0.1374ஆல் பெருக்கினால் கந்தகம். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் அளந்த பொருள் குருசிபிளின் அடியில் வெள்ளையாகக் கண்ணெதிரே இருக்கும். கையில் எடுத்துக் காட்டலாம்.

படிப்பு முடிந்து சென்னையில் ஓர் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. திருவொற்றியூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வடசென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும், காற்று திரும்பும் சில மாலைகளில் தொண்டை அரிக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி கொடியில் காயும் துணியை எடுக்க வெளியே வந்தாலே இருமுவார். எண்ணெயில் இருக்கும் கந்தகம் எரியும்போது தன் எடைக்கு இரண்டு மடங்கு கந்தக டையாக்சைடாக மாறும் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த சமன்பாடு. அந்தப் பாட்டிக்கு அது இருமல். வேலையில் சலிப்பு வரும்போதெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

அந்தக் கூடத்திலும் முதலில் பழைய முறைதான். கனமான எஃகுக் குண்டுக்குள் எண்ணெயை வைத்து, ஆக்சிஜனை அழுத்தமாக நிரப்பி, மின்பொறியால் எரித்து, உள்ளே சேர்ந்த சல்பேட்டைக் கழுவியெடுத்து, மீண்டும் அதே பேரியம் குளோரைடு. பிறகுதான் மேசைமேல் வைக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். பெட்டி வந்தது. அதற்குள் எக்ஸ்-கதிர்க் குழாய் கிடையாது. இரும்பு-55 என்ற கதிரியக்கத் துணுக்கு ஒன்று இருந்தது. கப்பில் எண்ணெயை ஊற்றி மூடியை மூடினால் சில நிமிடங்களில் கந்தகம் இவ்வளவு என்று காட்டிவிடும். கழுவல் இல்லை, எரித்தல் இல்லை. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெட்டியோடு பழகப் பழகத்தான் அது தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது என்று புரிந்தது. இரும்பு-55இன் அரை ஆயுள் 2.7 ஆண்டு. அதனால் துணுக்கு பழசாகப் பழசாக, அதே துல்லியம் கிடைக்க அதிக நேரம் எண்ண வேண்டியிருந்தது. இன்னொன்று காற்று. கந்தகம் விடும் எக்ஸ்-கதிர் மிக மெலிந்தது. ஒரு சென்டிமீட்டர் காற்றைக் கடப்பதற்குள் அதில் மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டுவிடும். எங்கள் பெட்டியில் எண்ணெய்க்கும் எண்ணும் கருவிக்கும் நடுவே இருந்தது வெறும் காற்றுதான். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிக் காற்றழுத்தம் குறைந்தால், இடையில் இருக்கும் காற்று லேசாகும். கதிர் கொஞ்சம் கூடுதலாகத் தப்பி வரும். நேற்று அளந்த அதே எண்ணெய் இன்று ஒரு துளி அதிகக் கந்தகம் காட்டும். வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டால் முதலில், கந்தக அளவு முன்பே தெரிந்த தரநிர்ணய மாதிரியை வைத்துப் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்கும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த நாட்களில் வேறொரு தொல்லை. கந்தகத்தின் கதிர் 2.31 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஈயத்தின் ஒரு கதிர் 2.34. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கூர்மை அந்தப் பெட்டிக்கு இல்லை. ஈயத்தையும் கந்தகமாக எண்ணிவிடும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான் என்று ஆனபோது நாட்டுக்குக் கிடைத்த நன்மை பெரியது. எங்கள் மேசைக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

கருவிக்குள் நடப்பது இதுதான். கந்தக அணுவில் 16 எலெக்ட்ரான்கள். கருவை ஒட்டிய கே கூட்டில் இரண்டு. 2.47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள கதிர் ஒன்று வந்து அவற்றில் ஒன்றை வெளியே தள்ளினால் அங்கே காலியிடம் விழும். அடுத்த கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் இறங்கி அதை நிரப்பும்போது மிஞ்சும் ஆற்றலைத்தான் 2.31 என்ற கதிராக விடுகிறது. பாஸ்பரஸுக்கு அது 2.01, குளோரினுக்கு 2.62. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒன்று. தனிமத்தின் அணு எண்ணோடு இந்தக் கதிர் ஒழுங்காக உயர்ந்துகொண்டு போகிறது என்று 1913இல் மான்செஸ்டரில் அளந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி. தனிம அட்டவணையின் வரிசைக்கு உண்மையான அடிப்படை அணு எண்தான் என்பதை அந்த அளவைகள்தாம் நிலைநிறுத்தின. 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்முனையில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. எங்கள் பெட்டியில் கந்தகத்துக்கான குறியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வயதை நினைத்துக்கொள்வேன். இன்னும் முப்பது ஆண்டு இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்.

காலியிடம் விழுந்த கந்தக அணுக்கள் நூறில் ஏறக்குறைய எட்டுதான் கதிரை விடும். மற்றவை அந்த ஆற்றலை இன்னோர் எலெக்ட்ரானிடம் கொடுத்து அதைத் துரத்திவிடும். கதிர் விட்ட எட்டிலும் எண்ணெயைத் தாண்டி, ஃபிலிமைத் தாண்டி, எண்ணும் கருவிவரை வந்து சேர்வது கொஞ்சம். அதனால் எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். பத்தாயிரம் எண்ணினால் நூறு கூடக் குறைய இருக்கும், அதாவது ஒரு சதவீதம். இந்தத் தடுமாற்றத்தைப் பாதியாக்க நாற்பதாயிரம் எண்ண வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

சென்னையில் அந்தப் பெட்டியோடு பழகிய பிறகுதான் சிங்கப்பூருக்குப் போனேன். உலகிலேயே அதிகமாகக் கப்பல் எண்ணெய் விற்கும் துறைமுகம் அது. ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன். கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்க, எண்ணெய் ஏற்றிய பார்ஜுகள் அவற்றின் விலாவில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது கப்பல்கள் எரித்தது கறுத்த, கெட்டியான கசட்டு எண்ணெய். சுத்திகரிப்பு ஆலை பெட்ரோலையும் டீசலையும் எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவது. கச்சா எண்ணெயில் இருந்த கந்தகத்தில் பெரும்பங்கு அதில்தான் போய்ச் சேரும். 2012இலிருந்து உலக வரம்பு 3.50 சதவீதம். ஒரு டன் எரித்தால் 70 கிலோ கந்தக டையாக்சைடு. பெரிய கன்டெய்னர் கப்பல் ஒரு நாளைக்கு 100 டன்னுக்கு மேல் எரிக்கும். கணக்குப் போட்டால் ஒரு கப்பலின் புகைபோக்கியிலிருந்து மட்டும் நாளுக்கு 7 டன். சென்னையில் டீசலுக்கு 2005இல் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), 2010இல் 50 பிபிஎம் என்று இறக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் கடலில் நிலைமை இப்படி இருந்தது. பிபிஎம்மில் சொன்னால் 3.50 சதவீதம் என்பது 35,000.

எங்கள் ஆய்வகத் தலைவர் ஹொக்கியன் பேசும் சீனப் பெரியவர். அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கருவியை அல்ல, கப்பை. இரண்டு பிளாஸ்டிக் வளையங்களுக்கு நடுவே மெல்லிய ஃபிலிமை இழுத்துப் பொருத்த வேண்டும். அதுதான் கப்பின் அடிப்பாகம். ஃபிலிமின் தடிமன் 3.6 மைக்ரான். தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். கதிர் கீழேயிருந்து இந்த ஃபிலிம் வழியாகத்தான் மேலே போகும், இதே வழியாகத்தான் திரும்பி வரும். அதில் ஒரு சுருக்கம் இருந்தால் எண் மாறும். விரல் பட்டால் விரலின் பிசுக்கு அதில் நிற்கும். ஃபிலிம் சுருளை மாற்றினால், புதுச் சுருளுக்குக் கருவியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். சுருளுக்குச் சுருள் தடிமன் ஒன்றாக இருக்காது. எண்ணெயை முக்கால் கப்புக்கு ஊற்றி, மேல் மூடியில் ஊசியால் சின்னத் துளை போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து ஃபிலிமைக் கீழ்நோக்கிப் புடைக்க வைக்கும், எண்ணெய் கதிருக்கு நெருங்கிவிடும், எண் ஏறும்.

நிரப்பிய கப்பை நேராகக் கருவியில் வைக்க அவர் விடமாட்டார். டிஷ்யூ தாளின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்த்திவைத்து, தூக்கிப் பார்க்கச் சொல்வார். தாளில் பழுப்பு வட்டம் தெரிந்தால் ஃபிலிமில் ஓட்டை. கருவிக்குள் அது ஒழுகினால் எண்ணும் கருவியின் ஜன்னலே போய்விடும். தாள் வெள்ளையாக இருந்தால்தான் உள்ளே போகலாம். அவர் இதை ஒருபோதும் தவிர்த்ததில்லை. பதவி உயர்ந்து தனி அறை கிடைத்த பிறகும், எப்போதாவது வந்து ஒரு மாதிரியை அளந்தால் டிஷ்யூ தாளை முதலில் எடுப்பார்.

அங்கே இருந்த கருவியில் எக்ஸ்-கதிர்க் குழாய் உண்டு, கதிரின் பாதையில் காற்றுக்குப் பதில் ஹீலியம். புயல் வந்தாலும் எண் நகராது. ஆனால் சென்னையில் எனக்குச் சரியாகப் பிடிபடாத ஒன்று அங்கேதான் தெளிவாகப் புரிந்தது. கந்தகத்தின் கதிர் எண்ணெயைத் தாண்டி வெளியே வருவது எவ்வளவு ஆழத்திலிருந்து என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரும்பகுதி, அடியிலிருந்து ஏறக்குறைய 70 மைக்ரானுக்குள். அரை மில்லிமீட்டருக்கு மேலே இருக்கும் எண்ணெயிலிருந்து அநேகமாக எதுவுமே வருவதில்லை. 2,000 டன் எண்ணெயைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அதில் சில லிட்டர் மாதிரியாகிறது. அதில் ஒரு பாட்டில் எங்களிடம் வருகிறது. அதில் சில மில்லி கப்பில் விழுகிறது. அந்தச் சில மில்லியிலும் கருவி பார்ப்பது ஃபிலிமை ஒட்டிய ஒரு மயிரிழை கனத்தை மட்டும். தண்ணீர் அடியில் தங்கியிருந்தால் கருவி பார்ப்பது தண்ணீரை. தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் இந்தக் கதிரைக் கார்பனைவிட இரண்டு மடங்குக்கு மேல் உறிஞ்சும். கந்தகம் குறைவாகத் தெரியும். கனமான கசடு அடியில் இறங்கியிருந்தால் கூடுதலாகத் தெரியும். கப்புக்கு முன்னால் நடந்த அத்தனையும் சரியாக இருந்தால்தான் அந்த மயிரிழை அந்த 2,000 டன்னுக்காகப் பேச முடியும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு மாதிரி எடுப்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ஓர் இரவு மாதிரி எடுப்பவரோடு படகில் போனேன். அவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பல ஆண்டுகளாகப் பார்ஜுகளில் ஏறி இறங்கியவர். மேற்கு நங்கூரத் துறையில் ஒரு சரக்குக் கப்பலின் தளத்தில், எண்ணெய்க் குழாய் வந்து சேரும் இடத்தில் சிறிய ஊசி வால்வு ஒன்று பொருத்தியிருந்தது. அதன் கீழே சீல் வைத்த பிளாஸ்டிக் கேன். எண்ணெய் ஏற்றத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை, மணிக்கணக்காக, அந்த வால்விலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகச் சொட்டினால் பாதியிலேயே கேன் நிரம்பிவிடும். பிற்பாதி எண்ணெய்க்கு அதில் இடமிருக்காது. மெதுவாகச் சொட்டினால் போதாது. குழாயில் அழுத்தம் மாறும்போதெல்லாம் அவர் எழுந்துபோய் வால்வைக் கால் திருகு திருப்பினார். கடைசியில் கேனை இறக்கி, சீலை எல்லோர் முன்னாலும் உடைத்து, நன்றாகக் குலுக்கி, நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்தார். முதல் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் ஒரு பங்கு, அப்படியே நான்காவதுவரை போய், மறுபடி முதல் பாட்டிலுக்கு வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கேனைக் குலுக்கினார்.

“ஒரேயடியா நிரப்பினா என்ன அண்ணே?” என்று கேட்டேன், அவர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காக.

“பந்தியில சாம்பார் ஊத்துறவன் அடியோட கலக்காம ஊத்துனா முதல் இலைக்குத் தண்ணி, கடைசி இலைக்குப் பருப்பு. நாலு பேருக்கும் ஒரே எண்ணெய் போவணும் தம்பி. இதுல ஒண்ணுதான் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவும்.”

கப்பலுக்கு ஒன்று, விற்றவருக்கு ஒன்று, சர்வேயருக்கு ஒன்று, கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தப்படி கப்பலில் குறைந்தது 12 மாதம் பாதுகாக்க வேண்டியது ஒன்று. கப்பலின் புகை பற்றிய அந்த ஒப்பந்தத்தின் ஆறாம் இணைப்பு 1997இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. சீல் எண்களை அவர் சத்தமாக வாசிக்க, கப்பல் இன்ஜினியர் எழுதிக்கொண்டார். எங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பின்னால் இப்படி ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்பது அதுவரை எனக்குச் செய்தியாகத்தான் தெரியும்.

2020 ஜனவரி 1 வந்தது. கப்பல் எண்ணெய்க்கான உலக வரம்பு 3.50இலிருந்து 0.50க்கு இறங்கியது. என் வேலை வாழ்க்கையில் காற்றுக்கு நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். ஒரு டன்னுக்கு 70 கிலோ போன இடத்தில் 10 கிலோ. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கும் கோடிக்கணக்கானவர்கள் சுவாசிக்கும் காற்று அது.

ஆனால் ஆய்வகத்தில் திணறிப்போனோம். 3.50 இருந்த காலத்தில் எண்ணெய் பெரும்பாலும் வரம்புக்கு நன்றாகக் கீழேதான் வரும், சண்டை குறைவு. இப்போது கந்தகம் குறைந்த எண்ணெய் விலை கூடியது என்பதால், பலவற்றைக் கலந்து 0.50ஐ உரசுகிற மாதிரி தயாரித்தார்கள். சில எண்ணெய்களில் மெழுகு அதிகம். ஏசி அறையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் கொட்டாது. சிலவற்றில் கலந்த எண்ணெய்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடியில் கசடு இறங்கியது. கந்தகம் அதிகமாக இருப்பது அந்தக் கனத்த பகுதியில்தான். பாட்டிலை 60 டிகிரிக்குச் சூடாக்கி, குலுக்கி, மெழுகு முழுக்கக் கரைந்ததைக் கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்த பிறகே கப்பில் ஊற்றுவோம். ஊற்றியதும் உடனே அளக்க வேண்டும். கப் காத்திருக்கக் கூடாது.

0.53 என்ற எண்ணின் கதை இங்கே வருகிறது. நாங்கள் பின்பற்றிய ஐ.எஸ்.ஓ. 8754 முறை, ஒரே எண்ணெயை இரண்டு ஆய்வகங்கள் ஒழுங்காக அளந்தால் இருபதில் பத்தொன்பது முறை எவ்வளவுக்குள் வேறுபடும் என்று ஒரு சூத்திரம் தருகிறது. கந்தக அளவோடு 0.15ஐக் கூட்டி 0.0812ஆல் பெருக்க வேண்டும். 0.50க்கு அது சுமார் 0.053. அதில் 0.59 பங்கு 0.03. வாங்கியவர் கையில் ஒரே ஒரு அளவைதான் இருக்கிறது என்றால், 0.53ஐத் தாண்டினால்தான் எண்ணெய் வரம்பை மீறியது என்று 95 சதவீத நிச்சயத்தோடு சொல்லலாம். அதே கணக்கு விற்பவருக்கு மறுபக்கம் திரும்பும். தன் எண்ணெய் 0.50க்குள் இருக்கிறது என்று அதே நிச்சயத்தோடு சொல்ல அவர் 0.47க்கு மேல் போகக் கூடாது. விற்பவர்களில் பலர் 0.53ஐ எண்ணெயை இன்னும் கொஞ்சம் மலிவாக்கக் கிடைத்த சலுகை என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. அந்த 0.03 எங்கள் அறியாமையின் அளவு. யாரும் அதை விற்கவோ வாங்கவோ முடியாது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. கப்பலின் தொட்டியிலிருந்து எடுக்கும் மாதிரிக்கு 0.53வரை இடம் உண்டு. விற்றவர் ஒப்படைத்த மார்போல் மாதிரிக்கு அது கிடையாது, 0.50 என்றால் 0.50.

அந்த முதல் மாதங்களில் வந்த ஒரு தகராறு மறக்க முடியாதது. கப்பலின் பாட்டில் எங்களிடம் 0.55 காட்டியது. விற்றவரின் பாட்டிலை வேறோர் ஆய்வகம் அளந்து 0.48 என்றது. வித்தியாசம் 0.07. சூத்திரப்படி 0.054க்குள் இருக்க வேண்டும். ஆக, இரண்டில் ஓர் ஆய்வகம் தவறாக அளந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பாட்டில்களில் இருப்பது ஒரே எண்ணெய் அல்ல. தொலைபேசியில் இரு தரப்பும் எங்களைத்தான் துளைத்தார்கள். எங்கள் தலைவர் பதற்றப்படவில்லை. அந்தப் பாட்டிலை மறுபடி சூடாக்கிக் குலுக்கி, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, புது ஃபிலிமில், தரநிர்ணய மாதிரிகளை முன்னும் பின்னும் வைத்து அளக்கச் சொன்னார். மூன்றும் 0.55. மற்ற ஆய்வகத்துக்காரரோடு பேசினோம். அவர்களும் அப்படியே செய்தார்கள். மூன்றும் 0.48. இரண்டு ஆய்வகங்களும் சரி. பாட்டில்கள்தாம் வேறு.

சர்வேயர் தன் கைபேசியில் எடுத்திருந்த படங்களைக் கேட்டு வாங்கினோம். ஒரு படத்தில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. முதல் இரண்டு கழுத்துவரை நிரம்பியிருந்தன; மற்ற இரண்டும் காலி. ஒவ்வொன்றாக முழுக்க நிரப்பியிருக்கிறார்கள். அடியில் கசடு இறங்கும் எண்ணெய் என்பதால் முதலில் நிரம்பியதற்கு ஒன்றும் கடைசியில் நிரம்பியதற்கு வேறொன்றும் போயிருக்கிறது. அதே வகை எண்ணெயைக் கேனில் ஊற்றி அரைமணி நேரம் குலுக்காமல் வைத்து, பாட்டில்களை அதே மாதிரி நிரப்பிப் பார்த்தேன். முதல் பாட்டிலுக்கும் கடைசிப் பாட்டிலுக்கும் நடுவே இடைவெளி தெளிவாக வந்தது. சுற்றுச் சுற்றாக நிரப்பினால் அந்த இடைவெளி மறைந்தது. மன்னார்குடி அண்ணனுக்கு ஃபோன் போட்டு இதைச் சொன்னேன். “நான்தான் அன்னிக்கே சொன்னேனே” என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பார்ஜில் அன்று மாதிரி எடுத்தவர் யார், அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்றுதான் கேட்டார். அடுத்த மாதம் புதியவர்களுக்கு நடந்த பயிற்சியில் பாட்டில் நிரப்பும் பகுதியை அவரையே நடத்தச் சொன்னோம்.

தகராறு மார்போல் பாட்டிலுக்குப் போனது. இரு தரப்பின் முன்னிலையில் அதைத் திறந்தார்கள், 0.52 வந்தது. பணத்தை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது அவர்களுக்குள் முடிந்த விஷயம்.

இப்போது சென்னைக்குத் திரும்பி ஓர் ஆய்வகத்துக்கு ஆலோசனை சொல்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து இங்கே டீசலுக்கு 10 பிபிஎம்தான் வரம்பு. மேசைக் கருவிகளுக்கான பழைய முறை நம்பத்தக்க விதத்தில் எட்டுவது 16 பிபிஎம்வரைதான். அதற்குக் கீழே போக, கதிரைப் படிகத்தின் மேல் படவைத்துத் தெறிக்கச் செய்து அலைநீளத்தைப் பிரிக்கும் பெரிய கருவி வேண்டும், அல்லது எண்ணெயை எரித்துப் புற ஊதா ஒளியில் பார்க்கும் வேறு முறை வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அந்தப் பெரிய கருவியில் முதல் வாரம் 11 என்று வந்த மாதிரியைப் பார்த்துப் பயந்துபோய் என்னிடம் வந்தார். அதே ஃபிலிமில் கந்தகமில்லாத வெள்ளை எண்ணெயை வைத்து அளக்கச் சொன்னேன். அதைக் கழித்ததும் 9க்கு இறங்கியது. ஃபிலிமுக்கென்றும் ஓர் எண் உண்டு என்று அவருக்கு அன்று தெரிந்தது. மறுநாள் அவரே கேட்டார்: “சார், இந்த டீசல் எந்தத் தொட்டியில, எத்தனை மட்டத்துல எடுத்தாங்கன்னு யார்கிட்ட கேக்கணும்?” அந்தக் கேள்விக்காக எங்கள் மாதிரிப் பதிவுப் படிவத்தில் மூன்று கட்டங்களைச் சேர்த்திருக்கிறோம். எடுத்த இடமும் மட்டமும் ஒன்று. எடுத்தவர் பெயரும் பாட்டில் நிரப்பிய விதமும் இன்னொன்று. அளப்பதற்குமுன் எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் கலக்கப்பட்டது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நிரப்பப்படாமல் வரும் பாட்டிலை அவர் வாங்குவதில்லை.